பேசாத பீப்பாய்

அந்தோணிசாமி என்ன வேலை செய்கிறார் என்று தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "ஒயின் செய்றேன்" என்பார். கேட்டவர் உடனே குரலைத் தாழ்த்தி, "ஒயின் ஷாப்பா சார்? எந்தக் கடை?" என்பார். "கோயில் பூசைக்குங்க, திருப்பலிக்கு" என்று விளக்கினால், "ஓ, அங்கேயும் தர்றாங்களா?" என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும். மனிதர் முன்கோபி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார், சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் கன்னியர் மடம் ஒன்று உண்டு. அதன் பின்புறத்தில் சிமென்ட் ஷீட் கூரை போட்ட நீளமான கொட்டகைதான் அவருடைய ராஜ்யம். அனுமதிச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கும். முன்னே ஒரு குளிர்பானக் கம்பெனியில் சர்க்கரைப் பாகு கலக்கிக்கொண்டிருந்தவர். கம்பெனியை இழுத்து மூடினார்கள். நடுத்தெருவில் நின்றவரை மடத்துச் சிஸ்டர்கள் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் பல பங்குக் கோயில்களில் சாமியார் கையிலேந்தும் கிண்ணத்தில் இருப்பது அவர் செய்த திராட்சை ரசம்தான். இது அந்தக் கோயில்களில் முழந்தாளிடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன குறைந்துபோயிற்று, விடுங்கள்.

பலிபீடத்துக்குப் போகும் ரசத்தில் பழத்தைத் தவிர வேறெதுவும் சேரக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அந்தோணிசாமி அதை இன்னும் ஒரு பிடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சர்க்கரை கிடையாது, தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது, கடையில் விற்கிற ஈஸ்ட் பொட்டலத்தைப் பற்றிப் பேசினால் அடிக்கவே வந்துவிடுவார். பன்னீர் திராட்சையின் தோலில் சாம்பல் பூசினாற்போல் ஒரு படலம் இருக்குமே, விரலால் தேய்த்தால் போய்விடுமே, சாற்றை நொதிக்க வைக்க வேண்டியதெல்லாம் அதிலேயே இயற்கையாக இருக்கிறது என்பார். பழத்தைக் கழுவாமல் நசுக்கிப் பீப்பாயில் போட்டு மூடினால், தாம்பரத்து வெக்கைக்கு மறுநாளே சாறு உஸ்ஸென்று இரையத் தொடங்கும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'பேச்சு'. காதைப் பீப்பாயில் வைத்துக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "பேச ஆரம்பிச்சிடுச்சு" என்று மனைவி அபிகாயிலிடம் சொன்னால்தான் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். அபிகாயில் சி.எஸ்.ஐ. சபை வீட்டுப் பெண். "எங்க பக்கம் வெறும் ஜூஸையே குடிச்சிட்டுப் பரலோகம் போறாங்க, உங்களுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று சிரிப்பாள்.

கழுவாத பழம் வேண்டுமென்றால் மருந்தடிக்காத பழம் வேண்டும். அதைத் தேடிக்கொண்டு கம்பம் பக்கம் போனபோது தோட்டக்காரர்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். மருந்தில்லாமல் திராட்சையா என்று ஒருவர் வாய்விட்டே சிரித்தார். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர், "ஒரு கிறுக்கன் இருக்கான், அவன வேணாப் பாருங்க" என்று கை காட்டிய இடத்தில் இருந்தவர்தான் சுருளிவேல்.

சுருளிவேலுக்கு வலது கண் மங்கல். முன்னொரு நாள் பந்தலுக்கடியில் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது காற்று திசைமாறி மூஞ்சியிலேயே அடித்துவிட்டது. அங்கேயே மயங்கி விழுந்தார். பிழைத்ததே பெரிய விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், மருந்தடிக்கும் தெளிப்பானை எடைக்குப் போட்டுவிட்டு, இனி செத்தாலும் அந்தக் கருமத்தைத் தொடுவதில்லை என்று மனைவி பேச்சியம்மாளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். முதல் இரண்டு வருஷம் தோட்டமே நோயில் வெளுத்துப்போயிற்று. ஊரார் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தோணிசாமி பஸ் ஏறிப் போய், அவர்கள் இரண்டு பேரோடும் பந்தலுக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோய் விழுந்த கொத்திலிருந்து நல்ல பழங்களாகக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டார். அப்போது பிடித்த ஒட்டுதல்தான். அதற்கப்புறம் அவர் வேறு தோட்டத்துப் பழத்தைத் தொட்டதில்லை. சுருளிவேலும் தன் பழத்தை வேறொரு வியாபாரிக்குக் காட்டியதில்லை.

பழம் வாங்கினோமா, வந்தோமா என்று இருக்கிற ஆளா இவர்? கொடிக்குத் தெம்பு தரும் மீன் அமிலத்தை இங்கிருந்தே செய்து அனுப்பத் தொடங்கினார். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மீன் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் நாட்டுச் சர்க்கரையோடு பிசைந்து ஊறவைத்தால் சில வாரத்தில் தேன் மாதிரி ஒரு தண்ணீர் பிரியும். அதைக் கலக்கித் தெளித்தால் இலை கரும்பச்சையாக நிமிரும். கோவளத்தில் மீன் விற்கும் ரேணுகாம்பாள் கழிவை வாளியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள். இங்கிருந்து கேனில் மீன் அமிலம் கம்பத்துக்குப் போகும். அங்கிருந்து பெட்டி பெட்டியாகத் திராட்சை பெருங்களத்தூரில் வந்து இறங்கும். கோவளத்துக் கடலைக் கொண்டுபோய்க் கம்பத்துத் தோட்டத்தில் ஊற்றித்தான் ரசம் எடுக்கிறோம் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

போன கிறிஸ்துமஸுக்குச் சுருளிவேலையும் பேச்சியம்மாளையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். பேச்சியம்மாள் அதுவரை தேனியைத் தாண்டியதில்லை. அபிகாயில் எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் கிண்ணத்தை உயர்த்தினார், மணி அடித்தது, அத்தனை கூட்டமும் முழந்தாளிட்டது. அந்தோணிசாமி குனிந்து அவள் காதில், "அது உங்க பழம்தான்மா" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

அதற்கப்புறம் வந்த முதல் அறுவடை தை மாதத்தில். இந்தப் பழத்தில்தான் ஈஸ்டருக்குப் பிந்தைய ரசம் முழுக்க எடுத்தாக வேண்டும். பழைய கையிருப்பு அதுவரைக்கும்தான் தாங்கும். பெட்டிகள் வழக்கம்போல் விடியக் காலையில் வந்து சேர்ந்தன. பழம் இந்தத் தடவை பளபளவென்று மின்னியது. அங்கே மழை கிழை பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நசுக்கிப் பீப்பாய்களில் நிரப்பினார்.

மறுநாள் காதை வைத்தார். சத்தமில்லை. குளிராக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தாம்பரத்தில் எங்கே இருக்கிறது குளிர்? அதற்கடுத்த நாளும் பீப்பாய் கல்லாட்டம் கிடந்தது. மேலே வெள்ளையாகப் பூசணம் படரத் தொடங்கியிருந்தது. கரண்டியால் வழித்து எறிந்தார். மதியத்துக்குள் மறுபடியும் படர்ந்தது. கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடையாக நடந்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனார்.

"ஒரே ஒரு தடவை அந்த ஈஸ்ட் பாக்கெட்டைப் போட்டுப் பாருங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் அபிகாயில்.

"எனக்குத் தெரியும்ல?" என்று கத்தினார். "வாயை மூடிட்டுப் போ அந்தாண்ட!"

கத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடியவர், காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் மஞ்சளாக ஒரு கறை. எல்லாப் பெட்டியிலும் அதே மஞ்சள். சாம்பல் நோய் கண்ட திராட்சைக்குக் கந்தகத் தூளைத் தூவுவார்கள்; அதுவும் மஞ்சள்தான். மருந்தடித்த பழத்தைச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் கறை தெரியாமலிருக்கக் கழுவி அனுப்புவதும் அவருக்குத் தெரியும். பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கிவிட்டதாக நினைத்தார். அந்தத் தாளை ஒரு தடவை அபிகாயிலிடம் காட்டியிருக்கலாம். அவளாவது முகர்ந்து பார்த்திருப்பாள். கொரோனா வந்துபோனதிலிருந்து இவருக்கு மூக்கு அரைகுறை. ஆனால் கோபம் தலைக்கேறினால் இவருக்கு எதுதான் தோன்றும்? தாளைச் சுருட்டிக் குப்பையில் கடாசிவிட்டுப் போனை எடுத்தார்.

"சுருளி, உண்மையைச் சொல்லு. என்ன அடிச்ச?"

"என்னண்ணே? புரியலையே?"

"நடிக்காத. பெட்டி அடியில மஞ்சளா கிடக்கு. பழத்தைக் கழுவி வேற அனுப்பியிருக்க. பீப்பாய் செத்துக் கிடக்குது!"

"ஆத்தீ! நான் எதுக்குண்ணே கழுவுறேன்? கொத்த வெட்டுனேன், அவ பெட்டியில அடுக்குனா, நான் பஸ்ஸுல ஏத்திவிட்டேன். அம்புட்டுத்தேன்."

"உனக்கு ஒரு கண்ணு போனது பத்தலையா?" என்றார் அந்தோணிசாமி. சொல்லும்போதே நாக்கைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. "இன்னும் யார் யார் கண்ணைப் பறிக்கணும்? சாமி கிண்ணத்துல விஷத்தைக் கொண்டாந்து ஊத்திட்டியே, பாவி!"

"நீங்களாண்ணே இதச் சொல்றீக?" என்றார் சுருளிவேல்.

"நான்தான்டா சொல்றேன்" என்று போனை அணைத்தார் இவர்.

மறுநாள் காலையில் ரேணுகாம்பாள் வாளியும் கையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "இன்னா சார், மூஞ்சிய ஏழு முழத்துக்குத் தொங்கப் போட்டுகினு கீற?"

"இனிமே மீன் வேணாம். எடுத்துட்டுப் போ."

"வேணாமா? கோவளத்துல இருந்து இத்த மடியில வச்சுகினு வரேன் சார். கண்டக்டரு எம்மாம் திட்டு திட்டினான் தெரியுமா? ஏன், கம்பத்துக்காரரு வேணாம்ட்டாரா?"

நடந்ததைச் சொன்னார். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "போன்லயா சார் கேட்ட? நேர்ல போயி மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேக்கத் தோணல? அந்த ஆளு அப்பிடிச் செய்றவரா? போ சார், பேஜார் பண்ற."

அவள் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. சாயங்காலமாகச் சுருளிவேலின் எண்ணை அழுத்தினார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். பிறகு அதுவும் போய், எண் அணைக்கப்பட்டிருக்கிறது என்ற குரல்தான் வந்தது. பீப்பாய்க்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சாறு போனால் போகட்டும், இன்னொரு அறுவடைக்குக் காத்திருக்கலாம். அந்த மனிதர் போய்விட்டால் யாரிடம் போய் நிற்பது? "கர்த்தரே, நான் சொன்னது பொய்யா இருக்கட்டும்" என்று வேண்டினார். பொய்யாக இருந்தால் தன் நிலைமை என்ன ஆகும் என்று நினைத்தபோது அதைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் கம்பம் பஸ்ஸிலிருந்து பேச்சியம்மாள் பெருங்களத்தூரில் இறங்கினாள். தனியாக. ஆட்டோக்காரரிடம் மடத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தவள், கையில் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அந்தோணிசாமியைப் பார்த்ததும் கொட்டகை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தேண்ணே கழுவுனேன்" என்றாள். "அவுகளுக்கு ஒண்ணுந் தெரியாது. அவுக பஸ்ஸுக்குச் சொல்லிவைக்கப் போயிருந்தாக. நாந்தேன் அண்டாவுல மஞ்சத்தண்ணி கரைச்சு ஒவ்வொரு கொத்தா முக்கி எடுத்து நெழல்ல ஒணத்தி அடுக்குனேன்."

"ஏம்மா?" என்றார்.

"சாமிக்குப் போற பழம்ணே. எங்க அம்மனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுபோனாக்கூட மஞ்சத்தண்ணி தெளிக்காமக் கொடுக்க மாட்டோம். அம்புட்டு சனமும் மண்டி போட்டுக் கும்புடுற பழத்த, மண்ணுந் தூசியுமா அனுப்பிக்கிட்டு இருந்தமேன்னு கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலேருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. தப்புப் பண்ணிட்டேனாண்ணே?"

கந்தகமும் இல்லை, விஷமும் இல்லை. அந்தப் பாழாய்ப்போன மஞ்சள், வெறும் மஞ்சள். 'அது உங்க பழம்தான்மா' என்று அவள் காதில் சொன்னவர் இவரேதான். உள்ளிருந்து வந்த அபிகாயில் பேச்சியம்மாளை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"சுருளி எங்கம்மா? போன் எடுக்க மாட்டேங்கிறான். நான் இப்பவே வரேன், காலில விழுறேன்" என்றார் அந்தோணிசாமி.

பேச்சியம்மாள் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பேசுன அன்னைக்கு அவுக கஞ்சிகூடக் குடிக்கல. மறுநா விடிஞ்சதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்ட்டப் போயி மருந்தும் தெளிப்பானும் எரவல் வாங்கிட்டு வந்துட்டாக. 'அடிச்சவன்னு பேரு வாங்கியாச்சு, அப்புறம் அடிச்சா என்ன'ன்னாக. நான் வாயில வயித்துல அடிச்சுக்கிட்டு ஓடுனேண்ணே. மஞ்சத்தண்ணிய நாந்தேன் ஊத்துனேன்னு சொன்னேன். 'இப்பச் சொல்லி என்னாடி'ன்னு என்னையத் தள்ளிவிட்டுட்டு, மூஞ்சியில துணிகூடக் கட்டாம, அந்த ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டுத் தோட்டம் பூராம் அடிச்சுட்டாக."

"முழுசுமா?"

"முழுசும். வீட்டு வாசல்ல நிக்கிற அந்த ஒரு கொடியத் தவுர. அதுக்கடியில போயி நின்னுக்கிட்டேன். அடிக்கணும்னா என் தலையில அடிங்கன்னேன். அதோட தெளிப்பானத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்துட்டாக." துணிப்பையைப் பிரித்தாள். உள்ளே வாழை இலையில் சுற்றிய கொஞ்சம் திராட்சை. தோலில் சாம்பல் பூத்து, தூசியோடு, ஓரத்தில் ஒரு சிலந்தி நூல்கூட அப்படியே இருந்தது. "இத நான் கழுவலண்ணே. கைகூடப் படாம காம்பப் பிடிச்சு வெட்டுனேன். இதுக்கு ஏதாச்சும் ஆகுமா பாருங்க."

அந்தோணிசாமி பழத்தைக் காம்பைப் பிடித்தே வாங்கினார். சின்னப் பாத்திரத்தில் அவற்றைத் தனியாக நசுக்கித் துணியால் மூடி வைத்தார். பீப்பாய்களில் படர்ந்த பூசணத்தை அபிகாயிலும் பேச்சியம்மாளுமாக வழித்து வழித்து எடுத்தார்கள். சுருளிவேலின் எண்ணுக்கு அவர் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தார். இப்போது மணி அடித்தது, ஆனால் எடுக்கத்தான் இல்லை. ராத்திரி பஸ்ஸுக்குப் போகலாம் என்று அபிகாயில் சொன்னதற்குப் பேச்சியம்மாள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அது பேசுறதக் காதால கேக்காம நான் ஊருக்குப் போமாட்டேன்கா. போயி அவுகட்ட என்னத்தச் சொல்ல?"

மறுநாள் பாத்திரத்துச் சாறு நுரைத்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பீப்பாய்களிலும் ஊற்றிக் கலக்கினார். ஒருநாள் போனது. அடுத்த நாள் மத்தியானம், கொட்டகைக்குள் வெக்கை அவித்துக்கொண்டிருந்த நேரம், அந்தோணிசாமி முதல் பீப்பாயில் காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. அபிகாயில் ஓடிவந்து, "என்னங்க?" என்றாள். அவர் பேச்சியம்மாளைக் கையால் கூப்பிட்டார். அவளும் குனிந்து காதை வைத்தாள். உள்ளே உஸ்ஸென்று மெல்லிய இரைச்சல், நடுநடுவே சின்னச் சின்னக் கொப்புளங்கள் உடையும் சத்தம்.

"பேசுதுண்ணே!" என்று வாய்விட்டு அழுதாள் பேச்சியம்மாள்.

அவள் தன் போனை எடுத்துக் கணவருக்கு அடித்தாள். அவள் எண் என்பதால் சுருளிவேல் எடுத்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் போனைப் பீப்பாயின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். ரொம்ப நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது" என்றது அந்தப் பக்கம்.

அந்தோணிசாமி கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். இத்தனை நாளாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. "சுருளி," என்றார், "நான்தான்பா. என்னை மன்னிச்சிடு. நான் ஒரு மடையன். இன்னைக்கே கிளம்பி வரேன். மீன் அமிலம் இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துட்டு வரேன். மறுபடியும் மொதல்ல இருந்து தொடங்கலாம்பா. நீ எங்க இருக்க இப்போ?"

"தோட்டத்துலதேண்ணே நிக்கிறேன். பந்தலுக்கடியில." சுருளிவேலின் குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. "முன்னயெல்லாம் இந்நேரத்துக்கு இங்க நின்னா தேனீயும் வண்டும் போடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசுறதுகூடக் கேக்காது. இப்ப, அங்க நீங்க மூச்சு விடுறது கேக்குதுண்ணே."